பயிர்க் காவல் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தும் குண்டும்

வெள்ளிமலையைச் சூழ்ந்த கல்வராயன் மலைக் கிராமங்களில் சாமையும் மக்காச்சோளமும் கதிர் வாங்கும் நாட்களில் குடியானவர்களுக்கு இரவு உறக்கம் இல்லை. மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உழுது புரட்டிவிடும். மான் கூட்டம் இளங்கதிரையும் அவரைக் கொழுந்தையும் மேய்ந்துவிடும். ஓராண்டு உழைப்பு விடிவதற்குள் போவதைக் கண்ணால் கண்டவனிடம், துப்பாக்கியைத் தொடாதே என்று மட்டும் சொல்லிப் போவதால் பயனில்லை. துப்பாக்கி மலையில் இருக்கவே இருக்கிறது. அதில் எந்த மருந்து இடப்படுகிறது, எந்தக் குண்டு இடப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்க் காவலுக்காக, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. அது போதாதென்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழுவழுப்பான குழலுடைய வேறு துப்பாக்கியையும் அனுமதிக்கலாம். ரைபிளுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. ஆகவே மேல்நாட்டு வேட்டைக்காரர் ரைபிள் தோட்டாவுக்கு மருந்தும் குண்டும் தேர்ந்தெடுத்துத் தாமே அடைப்பதைப் பார்த்து, அந்த முறையை நாட்டுத் துப்பாக்கிக்குக் கொண்டுவருவது பெரும் பிழையாகும்.

மருந்து இரு ஜாதி. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தது கருமருந்து. 1884-இல் பிரான்சு தேசத்து விற்பன்னர் வியேய் கண்டறிந்தது புகையில்லா மருந்து. நீலகிரியில் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை அந்த இனத்தைச் செய்வதற்கென்றே ஏற்பட்டது. இரண்டும் பார்வைக்குக் கருமணிகளாகவே இருக்கக்கூடும், குணமோ வேறு. கருமருந்து திறந்த இடத்திலும் குழலுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே சீராக எரியும். புகையில்லா மருந்தோ அழுத்தம் ஏற ஏற மேலும் விரைந்து எரிந்து, அந்த அழுத்தத்தைப் பன்மடங்கு பெருக்கும். நாட்டுத் துப்பாக்கியின் குழல் அதைத் தாங்காது. தோட்டாவை உடைத்து எடுத்த மருந்தைக் கருமருந்துக்குப் பதிலாகக் கெட்டிப்பவனுக்குக் குழல் பிளந்து கை போகும், கண் போகும். இரண்டையும் கலப்பதும் அவ்வாறே. தீக்குச்சி மருந்தும் பட்டாசு மருந்தும் இவற்றினும் கொடியவை. உரசினாலே பற்றக்கூடிய பொருளை இடிகோலால் குத்திக் கெட்டிக்கும் துணிவை வீரம் என்று சொல்வதற்கில்லை.

உரிமக்காரர் உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கருமருந்து ஒன்றையே பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு. எரிந்த மருந்தில் பாதிக்கு மேற்பட்டது கசடாகக் குழலில் படிந்து, ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். மலைப் பனியில் ஓர் இரவு கழுவாமல் வைத்த குழல் மறுநாளே நம்பத்தக்கதன்று. கசடு திரண்ட குழலில் குண்டு முழுவதும் இறங்காமல் நடுவில் நிற்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டுச் சுட்டால் நல்ல மருந்தும் குழலைப் பிளக்கும்.

குண்டைப் பற்றிச் சொல்வதும் இதனோடு ஒட்டியதே. சைக்கிள் பால்ரஸ் குண்டும் ஆணித் துண்டும் செலவில்லாமல் கிடைக்கின்றன என்று இடுகிறார்கள். அவை குழலின் உட்புறத்தைக் கீறும், நேராகவும் செல்லா. ஈயம் மென்மையானது, குழலுக்குத் தீங்கு செய்யாதது. ஆயினும் உருண்டைக் குண்டு விரைவில் வேகம் இழக்கும். இருட்டில், தூரத்தில், அசையும் விலங்கின்மேல் சுட்டால் பெரும்பாலும் காயமே மிஞ்சும். காயம்பட்ட பன்றி மறுநாள் காலை விறகுக்குப் போகும் பெண்பிள்ளைகளின் எதிரில் நிற்கும். இறைச்சியில் சிதறிய ஈயத் துகள் உண்பவர் உடலிலும் சேரும். இக்காரணம் முதலியவற்றால் கலிபோர்னியா மாகாணம் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டையே விலக்கியுள்ளது.

மானுக்கு ஏற்ற குண்டு எது என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்விக்கு இந்நாட்டில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களும் 1991-இல் நீக்கப்பட்டன. பயிர்க் காவல் உரிமம் மான் சுடும் உரிமம் ஆகாது. உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியுடன் ஒரு விலங்கு சுடப்பட்டாலும் அதன் உடல் சர்க்கார் சொத்து. இறைச்சிக்காகச் சுடுவோன் நிலத்தைக் காக்கவில்லை. நிலத்தையே பணயம் வைக்கிறான்.

ஆகவே பயிர்க் காவலுக்கு உகந்த குண்டு, குண்டே இல்லாத மருந்து. சிறிதளவு கருமருந்தின் ஓசையே கூட்டத்தை ஓட்டும். ஒரே பரணிலிருந்து ஒரே நேரத்தில் நாள்தோறும் சுட்டால் பன்றி அதைப் பழகிக்கொள்ளும் என்பதும் உண்மையே. இடமும் வேளையும் மாற்ற வேண்டும், நாயும் காவலாளும் கூட வேண்டும். மருந்தின்மேல் அடைக்கும் தேங்காய் நார் தீப்பொறியோடு பறக்குமாதலால், காய்ந்த சாமைக் கதிரை நோக்கிச் சுடலாகாது. நார் அடைப்பும் அருகிலுள்ள ஆளைக் காயப்படுத்தும் என்பதையும் மறக்கலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பங்குண்டு. நிலமே இல்லாதவனுக்குப் பயிர்க் காவல் அறிக்கை எழுதுவது எவ்வளவு தவறோ, கொல்லை அழிந்து நிற்பவனின் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் கட்டிவைப்பதும் அவ்வளவு தவறு. அலைக்கழிக்கப்பட்டவனே ஒளிந்து செய்யும் கொல்லனிடம் போகிறான். உரிமமற்ற துப்பாக்கி வைத்திருந்தால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டுக்குக் குறையாத சிறை என்பதை அவன் பிடிபட்ட பின்னரே அறிகிறான். காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடுவதற்குத் தமிழ்நாட்டு அரசு 2025-இல் வழி செய்துள்ளது. மலைக் கிராமங்களில் பெரும்பாலானவை காட்டை ஒட்டியே இருப்பதால் இதன் பயன் அடிவாரத்துக்குக் கிட்டுமளவு மேலே கிட்டாது. அங்கே சேத விவரத்தைக் கதிர் நிற்கும்போதே நேரில் பார்த்து எழுதி, நஷ்ட ஈட்டு மனுவுடன் அனுப்புவதே கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் செய்யத்தக்கது; அறுவடைக்குப் பின் எழுதிய அறிக்கையை மேலே எவரும் நம்புவதில்லை.