கணக்குப் பார்ப்பவரும் கணக்கில் விழுபவளும்

விஞ்ஞானப் புனைகதை என்றால் சிறுவர் சமாசாரம். வானொலி நாடகம் என்றால் முடிந்துபோன கலை. இவ்விரு தீர்ப்புகளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் விமர்சகர்கள் எம்மத்தியில் பலர். இரண்டும் சேர்ந்த ஒன்றைப் பற்றி, காலப் பயணிகள் இருவரின் பகையைச் சொல்லும் ஆங்கில ஒலி நாடகமொன்றைப் பற்றி, இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்நாடகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ரசிகர்கள் மீதும் எமக்கு ஒரு வழக்கு உண்டு. முன்னவர்கள் கேட்காமலே ஒதுக்குகிறார்கள். பின்னவர்கள் கேட்டபின்னும், நாடகம் எங்கே நழுவுகிறது என்பதைக் காண மறுக்கிறார்கள்.

முதலில் கதைக்கு வருவோம். 'டொக்டர் ஹூ' 1963இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் டொக்டர் என்பவரே அதன் நாயகர். 1989இல் தொடர் நின்றுபோனது. பிக் பினிஷ் என்ற நிறுவனம் 1999 முதல் அதனை முழுநீள ஒலி நாடகங்களாக இறுவட்டில் வெளியிடத் தொடங்கியது. 1996இல் ஒரேயொரு தொலைக்காட்சிப் படத்தில் டொக்டராகத் தோன்றிய போல் மக்கேன், 2001 முதல் இந்நாடகங்களில் குரல் கொடுத்தார். படத்தில் ஓர் இரவு மட்டும் வாழ்ந்த பாத்திரம் ஒலியில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தது. ஒலி நாடகம் செத்துவிட்டது என்போருக்கு இந்த ஒரு செய்தியே போதும்.

டொக்டரின் எதிராளி 'துறவி'. அவரும் டொக்டரின் இனத்தவர். அவரிடமும் கால இயந்திரம் உண்டு. 1965இல் டெனிஸ் ஸ்பூனர் எழுதிய தொலைக்காட்சிக் கதையில்தான் அவர் முதலில் வருகிறார். 1066ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வடகரையில், துறவியர் மடமொன்றில் அங்கி தரித்து ஒளிந்திருக்கிறார். வைக்கிங் கப்பல்களை அணு பீரங்கியால் அழித்துவிட்டால், ஹரோல்ட் மன்னரின் படை களைப்பின்றித் தெற்கே சென்று ஹேஸ்ரிங்ஸ் போரில் நோர்மன்களை வெல்லும், நாடு முன்னேறும். இதுவே அவரது திட்டம். இதே மனிதர்தான் 1968இல் வங்கியில் 200 பவுண் வைப்பிலிட்டு, இருநூறு ஆண்டுகள் தாண்டிக் குதித்துக் கூட்டு வட்டியோடு எடுத்தவர்! டொக்டர் திட்டத்தை முறியடிக்கிறார். நடந்தது நடந்தபடியே நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதனால் வில்லியம் வெல்கிறார். வென்றவனின் வரலாறே சரியான வரலாறு என்று காவல் காப்பதற்கு எதற்கு ஒரு நாயகர் என்ற கேள்வியை அத்தொடர் அன்று கேட்கவில்லை.

கேட்டது ஒலி நாடகம். 2010இல் 'த புக் ஒப் கெல்ஸ்' நாடகத்தில் துறவி மீண்டும் வந்தார். நகைச்சுவை நடிகரான கிரேம் கார்டன் அவருக்குக் குரல் கொடுத்தார். அதே ஆண்டு ஜொனதன் மொரிஸ் எழுதிய 'டீமோஸ்', 'த ரிசரக்ஷன் ஒப் மார்ஸ்' என்ற இரு நாடகங்கள் வெளியாகின. செவ்வாயின் துணைக்கோளில் உறங்கிய பனி வீரர்கள் விழித்தெழுந்து, மனிதர் குடியேறிய செவ்வாயைத் தமக்கேற்ற உலகாக மாற்ற முனைகிறார்கள். மாறினால் குடியேறிய மனிதர் மாள்வர். அதைத் தடுக்க டொக்டரிடம் வழி உண்டு. அந்த நேரத்தில் அவருடைய பழைய தோழி லூசி மில்லரின் குரல் காதில் விழுகிறது. தடுத்தால் லூசியும் மாள்வாள். டொக்டரின் கை நின்றுவிடுகிறது.

இவை அனைத்தின் பின்னாலும் துறவி இருக்கிறார். அவர் ஒரு கணக்கோடு வருகிறார். பனி வீரர்களுக்குத் தாயகம் கிடைத்துவிட்டால், பிற்காலத்தில் அவர்களால் அழியவிருக்கும் ஹால்சியன் என்ற உலகம் பிழைக்கும். சிலரை இழந்து பலரைக் காப்பதே தமது வழி என்கிறார். ஒருத்திக்காகப் பலரைப் பணயம் வைத்த டொக்டரை விட நான் எப்படிக் கெட்டவன் என்பதே அவரது வாதத்தின் சாரம். டொக்டரோடு வந்த டம்சின் என்ற பெண் இதைக் கேட்டுத் துறவியின் பக்கம் போய்விடுகிறாள்.

இங்கேதான் ஒலியின் பலம் தெரிகிறது. கார்டனின் குரலில் கொடுமை இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் கதை சொல்வது போன்ற இதம் இருக்கிறது. சாகப்போகிறவர்களின் முகம் எமக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாதவரை எண்ணிக்கையாக்குவது எவ்வளவு இலகு! டொக்டரின் கையை நிறுத்தியதும் தத்துவம் அல்ல, தெரிந்த ஒரு குரல். போரைக் கண்ட எந்த நாட்டு வாசகருக்கும் இந்த வாதத்தை முன்பே கேட்ட ஞாபகம் வரும். அரசுகளும் இயக்கங்களும் இதே இதமான குரலில்தான் கணக்குச் சொல்லியிருக்கின்றன.

சரி, இத்தனை கூர்மையாகக் கேட்ட கேள்விக்கு நாடகம் என்ன பதில் சொன்னது? 2011இல் நிக்கலஸ் பிரிக்ஸ் எழுதிய 'லூசி மில்லர்', 'டு த டெத்' இரண்டிலும் துறவி, பூமியை மீண்டும் பிடிக்க வந்த டாலெக்குகளின் கையாளாகிவிடுகிறார். பூமியின் கலைச் செல்வங்களை வாரிச் சேர்க்கிறார். உண்மை அறிந்த டம்சின் டாலெக்குகளால் கொல்லப்படுகிறாள். இதைத்தான் நழுவல் என்கிறோம். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டவரைக் கள்வராக்கிவிட்டால், கேள்வியும் களவுப் பொருளாகிவிடும் என்று எண்ணும் தந்திரம் இது. துறவி நேர்மையாளராகவே நின்று, ஹால்சியன் மக்களுக்காக உண்மையாகவே அழுதிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் ஐயா? எதிராளியின் வாதத்தை அவனது ஒழுக்கக்கேட்டால் தோற்கடிப்பது மேடைப் பேச்சாளரின் வேலை. இலக்கியத்தின் வேலை வேறு.

துறவியின் பாத்திரமே அப்படித்தான், 1965இலும் அவர் வட்டிக்காசு தேடியவர்தானே என்று ரசிகர்கள் சமாதானம் சொல்லலாம். அப்படியானால் ஹால்சியனை அவர் வாயில் வைத்திருக்கக் கூடாது. வைத்த பின் அதற்குக் கடன்பட்டாயிற்று.

ஆயினும் அந்தக் கடனில் ஒரு பகுதியை நாடகம் தீர்க்கிறது. தீர்ப்பவர்கள் காலப் பயணிகள் இருவரும் அல்லர். நோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்த லூசி, குண்டு ஏற்றிய டாலெக் கலத்தைத் தானே ஓட்டிச் சென்று மாய்கிறாள். அதுவும் ஒருவரை இழந்து பலரைக் காக்கும் கணக்குத்தான். ஒரேயொரு வேறுபாடு: துறவி போட்ட எந்தக் கணக்கிலும் இழக்கப்படும் சிலருள் துறவி இல்லை. லூசி தன்னையே அந்தச் சிலராக எழுதிக்கொள்கிறாள். பிறர் உயிரைச் செலவழிப்பதற்கும் தன் உயிரைக் கொடுப்பதற்கும் இடையில் எந்தக் கூட்டல் கழித்தலாலும் மூட முடியாத தூரம் உண்டு. கால இயந்திரம் இல்லாத, நாளை என்னவாகும் என்று அறியாத ஒரு சாதாரணப் பெண்ணே அதைக் காட்டுகிறாள்.

யார் நல்லவர், டொக்டரா துறவியா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வானொலி நாடகத்தில் மரணம் என்பது ஒரு குரல் நின்றுபோவது மட்டுமே. லூசியின் குரல் நின்ற பின்னும் கால இயந்திரங்கள் இரண்டும் இருக்கின்றன. அவளுக்காகப் பின்னோக்கிச் செல்ல ஒன்றுமே முன்வரவில்லை. இதைக் கேட்ட பிறகும் சிறுவர் சமாசாரம் என்பவர்கள், சிறுவரையும் அறியார், சமாசாரத்தையும் அறியார்.