மணலியில் விளையும் கந்தகம்

திருவொற்றியூர், மணலிப் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இந்த வாடையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இருந்தும் எங்கிருந்தோ அழுகிய முட்டை நாற்றம் ஜன்னல் வழியாக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்!

அதற்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று பெயர். சாக்கடையிலும் பிறக்கும்; கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்யும் இடத்திலும் பிறக்கும். பொல்லாத வாயு. ஆனால் இதையே பிடித்துப் பக்குவம் செய்தால் மஞ்சள் கந்தகம் கிடைக்கிறது என்பதுதான் வேடிக்கை.

மணலியில் 1969-ம் வருஷம் இயங்கத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு இன்று ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் சுத்திகரிக்கும் சக்தி இருக்கிறது. வளைகுடா எண்ணெயில் சில ரகங்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு கந்தகம் ஒளிந்திருக்கும். ஹைட்ரஜனைச் செலுத்தி அதைப் பிரித்தால் இந்த நாற்ற வாயுவாக வெளிவரும். அதை 'அமீன்' கலந்த நீரில் கழுவுகிறார்கள். குளிர்ந்திருக்கையில் அந்த நீர் வாயுவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சூடு காட்டினால் விட்டுவிடும். பால்காரர் செம்பு மாதிரி ஓரிடத்தில் நிரம்பி, வேறிடத்தில் காலியாகி, அதே நீர் மறுபடி நிரம்புவதற்குத் திரும்பிவிடுகிறது.

அப்புறம்தான் கெட்டிக்காரத்தனம். பிடித்த வாயுவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரிக்கிறார்கள். எரிந்து வந்த வாயுவும் எரியாமல் நின்ற வாயுவும் சேர்ந்தால் கந்தகமும் தண்ணீரும் உண்டாகின்றன. கிளாஸ் என்ற ரசாயனி 1883-ல் வகுத்த வழி இது. சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

கந்தகத்துக்கு உபயோகமா இல்லை! சிவகாசித் தீக்குச்சி, ரப்பர் செருப்பு, சர்க்கரையை வெளுக்க வைக்கும் புகை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கந்தக அமிலம். அமிலம் இல்லாமல் வயலுக்குப் பாஸ்பேட் உரம் ஏது?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பெட்ரோலிலும் டீசலிலும் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதற்கு முன் ஐம்பது வரை அனுமதி இருந்தது. வீதியெல்லாம் லாரிப் புகையில் போனது இப்போது ஆலைக்குள்ளேயே பிடிபடுகிறது. பட்டணத்துக்கு நல்லதுதான். ஆனால் பொறுப்பு முழுவதும் ஆலையைச் சுற்றி வசிப்பவர்களின் தலைமாட்டில் வந்து நிற்கிறதே!

கிளாஸ் முறை மட்டும் என்றால் நூற்றில் 95 முதல் 97 பங்கு வரை பிடிபடும். கடைசியில் இன்னொரு சாதனம் சேர்த்தால் 99-ஐத் தாண்டும். அந்தச் சாதனத்தின் செலவைப் பார்த்து எந்த ஆலையும் தயங்கக் கூடாது என்பது என் கட்சி. அதோடு, கந்தகப் பிரிவு திடீரென நின்றுபோனால் வாயுவை உயரமான குழாயின் உச்சியில் எரித்துவிடுவார்கள். அப்போது முட்டை நாற்றம் இராது; தொண்டை கரகரக்கும், கண் எரியும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு முட்டும்.

இன்னொன்று. இந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் திரும்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றம் நின்றுவிட்டதே என்று யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள்.

வீட்டில் வாடை வந்தால் சமையலறை நாள்காட்டியில் மணியையும் காற்று வந்த திசையையும் குறித்து வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும்போது, ஆலை தன் பதிவேட்டில் அந்த நேரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம் அல்லவா?