நாலு சுவருக்கும் ஸ்வெட்டரா?

புளியங்குடியில் எனக்கு ஒரு நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர். தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறார். முன்னால் தார்சா, பட்டாசல், அதற்குப் பின்னால் அடுக்களை. எல்லாம் ஒன்றரை அடி கனச் சுவர், சுண்ணாம்புக் காரை. குடும்பம் பெருகப் பெருக, பின்பக்கம் ரெண்டு கான்கிரீட் ரூம், அதற்கு மேல் மாடியில் ஒன்று என்று வீடும் வளர்ந்துவிட்டது. போன மாதம் போனில் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, வெக்கை தாங்க முடியல. சுவருக்கெல்லாம் இன்சுலேஷன் பண்ணிருங்கன்னு ஒரு கம்பெனிக்காரன் கொட்டேஷன் குடுத்திருக்கான். தெர்மாகோல் நல்லதா, ராக்வூல் நல்லதா?”

கொட்டேஷனை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எல்லா ரூமுக்கும், நாலு சுவருக்கும், சதுர அடிக் கணக்கு. பக்கத்து வீட்டோடு ஒட்டி நிற்கிற பொதுச் சுவரும் அதில் உண்டு. அந்தச் சுவர் கட்டின நாளிலிருந்து வெயிலையே பார்த்ததில்லை சார்! அதற்கும் ஒரு ஸ்வெட்டர்.

தெர்மாகோலா, ராக்வூலா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்தச் சுவர், எதற்காக என்பதுதான் முதல் கேள்வி. இந்த முதல் கேள்வியைக் கேட்காமலே விற்கிறார்கள், கேட்காமலே வாங்குகிறோம்.

கொஞ்சம் வானத்தைப் பாருங்கள். புளியங்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரி சொச்சத்தில் இருக்கிற ஊர். சித்திரை பிறக்கிற அன்று உச்சிப் பொழுதில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு வையுங்கள். நிழல் கம்பின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சூரியன் நேர் உச்சியில். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி அதே கதை. நடுவில் இருக்கிற மாதங்களில் உச்சிச் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடும். அதாவது, கோடையின் நடுப்பகல் வெயில் தெற்குச் சுவரைத் தொடுவதே இல்லை. மொத்தத்தையும் வாங்கிக்கொள்வது மொட்டைமாடி. சாயங்காலம் மேற்குச் சுவரின் முறை. மூணு மணியிலிருந்து மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறவரை வெயில் அதன் முகத்திலேயே அறைகிறது. கிழக்குச் சுவரும் காலையில் வாங்குகிறது. ஆனால் அது ராத்திரி முழுக்க ஆறிய சுவர்.

நம்ம ஊர் வீட்டுக்கு வில்லன் நம்பர் ஒன் கூரை. நம்பர் டூ மேற்குச் சுவர். மற்றவரெல்லாம் துணை நடிகர்கள். இதைச் சொல்லாமல் சுவரை மட்டும் சதுர அடியில் அளக்கிறவரை என்னவென்று சொல்வது?

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே பரீட்சை வைக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வையுங்கள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூரையைத் தொடுங்கள். எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. பைசா செலவில்லை.

இப்போது அந்தப் பழைய பகுதிக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான். கனத்த சுவர் வெயிலைத் தடுக்கிறது என்பதைவிடத் தாமதப்படுத்துகிறது என்பதே சரி. மத்தியானச் சூடு அதன் வயிற்றுக்குள் மெதுவாக ஊர்ந்து, உள்பக்கம் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் முற்றத்துக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டால் ராத்திரிக் காற்று அந்தச் சூட்டைக் கழுவிக்கொண்டு போகும். காலையில் சுவர் மறுபடி பானை மாதிரி குளிர்ந்து நிற்கும். மத்தியானம் பட்டாசலில் பாயைப் போட்டுப் படுத்தால் தூக்கம் வருகிறதே, அது இந்தச் சுவரின் உபயம். அதன் உள்பக்கத்தில் தெர்மாகோலை ஒட்டி ஜிப்சம் போர்டு அடித்தால் என்ன ஆகும்? ராத்திரி சேமித்த அந்தக் குளிர்ச்சி போர்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வீட்டின் ஏசியைப் பிடுங்கிப் போடுகிற வேலை.

இன்னொன்று, ஓதம். அந்தக் காலத்துச் சுவர்கள் பலவற்றில் அடியிலிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வழியாகச் சுவர் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டை அடித்து, போதாக்குறைக்கு ஃபோமையும் ஒட்டினால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தின மாதிரி. ஈரம் உள்ளேயே நிற்கும். காரை உப்பி உதிரும். போர்டைத் தாங்க மரச்சட்டம் அடித்திருந்தால் கரையானுக்கு இலை போட்டு விருந்து. எல்லாம் போர்டுக்குப் பின்னால் நடப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

‘ஃபாரின்ல எல்லாரும் பண்றாங்களே’ என்பீர்கள். அது குளிர்நாட்டுச் சரக்கு. உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் இருக்க அவர்கள் போர்த்துகிறார்கள். அந்த ஊரிலேயே என்ன நடந்தது தெரியுமா? பிரிட்டனில் அரசுத் திட்டங்களின் கீழ் வீடு வீடாகச் சுவர் இன்சுலேஷன் செய்தார்கள். 2025 அக்டோபரில் அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறைகள், சரிசெய்யாவிட்டால் ஈரமும் பூஞ்சையும் வரும் என்று மதிப்பிட்டது. 22,000-க்கும் மேற்பட்ட வீடுகள்! நீண்ட அனுபவமுள்ள தேசத்தில் இந்த லட்சணம் என்றால், மூன்று நாள் டிரெய்னிங் எடுத்துவிட்டு வந்து உங்கள் தாத்தா சுவரில் டிரில் போடுகிறவரை நம்பலாமா? தீயையும் மறக்க வேண்டாம். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். புதுப்பிக்கிறேன் என்று வெளிச்சுவரில் போர்த்திய பிளாஸ்டிக் வகையறாதான் தீயை மாடிக்கு மாடி ஏற்றியது. நம்ம வீடுகளின் பழைய ஒயரிங் பக்கத்தில் மூடாத தெர்மாகோலை வைப்பதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இன்சுலேஷனே வேண்டாமா? வேண்டும். மாடியில் கட்டினாரே ஒரு ரூம், அதற்கு வேண்டும். இடம் மிச்சம், செங்கல் மிச்சம் என்று மேற்கே பார்த்து நாலரை இஞ்ச் சுவர். மேலே வெறும் கான்கிரீட் தளம். அது படுக்கை அறை இல்லை, கல் அடுப்பு. பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்குத் தூங்குகிறவர் மேல் கக்கும்.

முதலில் கூரை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த கலை. கூடுதலாக வேண்டுமானால் தளத்துக்கு மேலே, தட்டோட்டுக்குக் கீழே கெட்டியான ஃபோம் பலகை வைக்கலாம். அதுவும் முடியாதா? வருஷா வருஷம் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது நாலு பக்கமும் காற்று புகுந்து வெளியேறுகிற மாதிரி தகர ஷெட் போடுங்கள். ஆனால் ஜல்லியும் தட்டோடும் புதுத் தளத்துக்குத்தான். பழைய பகுதியின் மரக்கட்டை மட்டப்பா மேல் அந்தப் பாரத்தை ஏற்றும் முன் கட்டைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். உளுத்திருந்தால் வீட்டுக்குள் குளிர்ச்சி வராது, கூரையே வரும்.

அடுத்து மேற்குச் சுவர். மலிவான வழி நிழல்: வெளியே ஒரு கீற்றுத்தட்டி, இரும்புச் சட்டத்தில் ஒரு கொடி, கொல்லையில் இடமிருந்தால் ஒரு வேப்பமரம். நிழல் போதாவிட்டால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் இன்சுலேஷன். அதுவும் வெளிப்பக்கம். ரெண்டு இஞ்ச் தெர்மாகோல் அல்லது ராக்வூல் பலகை, மேலே வலை, அதற்கு மேல் பூச்சு. ராக்வூல் எரியாது, ஆனால் மழைத் தண்ணீர் புகுந்தால் ஊறிவிடும். தெர்மாகோல் விலை குறைவு, ஆனால் தீக்கு ஆகாது, பூச்சு முழுக்க மூடியிருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்! உள்பக்கம் ஒட்டுவது ஒரே ஓர் இடத்தில் நியாயம்: ராத்திரி மட்டும் ஏசி போடுகிற, மெல்லிய சுவர் கொண்ட சின்ன ரூம்.

பழசும் புதுசும் சேருகிற இடம் எப்போதும் விரிசல் விடும். ரெண்டும் ஒரே மாதிரி விரியாது, ஒரே மாதிரி இறங்காது. அந்த விரிசலை அடைக்காமல் மேலே பலகையை ஒட்டினால் மழைத் தண்ணீருக்கு ரகசியப் பாதை போட்டுக் கொடுத்ததாகும். கொட்டேஷனில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இனிமேல்தான் ரூம் எடுக்கப் போகிறீர்களா? உங்கள் பாடு சுலபம். புளியங்குடியிலிருந்து செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே லாரி பேக்கர் பிரபலமாக்கிய எலிப்பொறிக் கட்டுமானத்தைப் போய்ப் பாருங்கள். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே அடைபட்ட காற்றே இன்சுலேஷன். பேக்கர் 2007-ல் காலமானார். அந்தச் சுவர்கள் நிற்கின்றன. நம் எஞ்சினியர்களிடம் கேட்டால் “அதுக்கு ஆள் கிடையாது சார்” என்கிறார்கள். கற்றுக்கொடுத்தால் ஆள் கிடைக்காதா?

அரசாங்கத்தையும் விடுவதாக இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. வெப்பத்தால் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது. சாகாமல் இருக்க? வீடுகளுக்குள் வெப்பம் புகுவதைக் கட்டுப்படுத்த ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்று மத்திய அரசு 2018-ல் ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கூரை வழியே எவ்வளவு சூடு இறங்கலாம் என்று அதில் எல்லை இருக்கிறது. நாம் போடுகிற வெறும் கான்கிரீட் தளம் அந்த எல்லையைப்போல சுமார் மூன்று மடங்கு சூட்டை உள்ளே விடும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. புளியங்குடித் தெருவில் எத்தனை பேருக்கு அவ்வளவு மனை இருக்கிறது?

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் ஆன்லைனில் உடனடி அனுமதி. அந்தப் படிவத்தில் ரெண்டே ரெண்டு கேள்வியைச் சேர்க்கலாம். மொட்டைமாடிக்கு வெயில் தடுப்பு என்ன போடுகிறீர்கள்? மேற்குச் சுவரின் கனம் எத்தனை இஞ்ச்?