தொகுப்பதும் படிப்பே

பங்குனி பிறந்துவிட்டால் தமிழ் இலக்கியம் பயிலும் வித்தியார்த்திகளின் மேஜையில் மூலநூல்கள் அடியில் போய், நோட்டுப் புத்தகங்கள் மேலே வந்துவிடுகின்றன. ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்ட ஏடுகளும், முந்திய ஆண்டு படித்தவர்களிடம் இரவல் வாங்கிய கட்டுகளும், கடையில் விற்கும் வினா-விடைக் கையேடுகளும் ஒருசேரக் குவிந்து, எதை முதலில் எடுப்பது என்ற கலக்கத்தையே முதற்பயனாகத் தருகின்றன. இதற்குக் காரணம் வரிசையின்மையே என்பது என் அபிப்பிராயம்.

சங்க இலக்கியத் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு இவ்விஷயத்தில் வழிகாட்டக்கூடியவர்கள் பாடநூலுக்குள்ளேயே இருக்கிறார்கள். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர், ஒற்றைப்படை எண்களையெல்லாம் பாலைக்குக் கொடுத்து, இரண்டிலும் எட்டிலும் முடிவனவற்றைக் குறிஞ்சிக்கும், நான்கில் முடிவனவற்றை முல்லைக்கும், ஆறில் முடிவனவற்றை மருதத்துக்கும், பத்தாவதுதோறும் வருவனவற்றை நெய்தலுக்கும் ஒதுக்கி, 400 பாடல்களையும் ஒரு கணக்குக்குள் அடக்கிவிட்டார். 214-ஆம் பாடல் என்ன திணை என்பதை மனனம் செய்யும் சிரமம் இதனால் ஒழிகிறது; எண்ணே முல்லை என்று சொல்லிவிடுகிறது. அவ்வளவோடு நில்லாமல், பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, ஏனைய மூன்றுக்கும் நாற்பது நாற்பது என்ற இப்பங்கீட்டைக் கண்டு, பிரிவைப் பாடுவதில் மட்டும் இத்தனை ஈடுபாடு ஏன் என்று கேட்கத் தொடங்கும் மாணவன், நெடுவினா ஒன்றுக்குரிய பொருளை அங்கேயே கண்டுகொள்கிறான்.

ஐங்குறுநூறோ வேறொரு பாடம் சொல்கிறது. திணைக்கு நூறாக ஐந்து புலவர்கள் பாடிய அந்நூலில், ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து நிற்கிறது. தாய்க்கு உரைத்த பத்து என்று கேட்பவரைக் கொண்டு சில. குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து என்று பிராணிகளைக் கொண்டு சில. ஞாழற்பத்து என்று மரத்தைக் கொண்டு ஒன்று. ஒரே பொருளைப் பல முறைகளில் பிரிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

குறுந்தொகையில் இத்தகைய அடுக்கு இல்லை. அந்த வேலை மாணவனுக்கு மிச்சமாக இருக்கிறது. பாட்டின் எண், புலவர், திணை, கூற்று, கேட்பவர், கருப்பொருள் இவற்றைப் பாட்டுக்கு ஒரு சிறு தாளில் எழுதிக்கொண்டு, அத்தாள்களை ஒரு முறை கூற்றுப்படியும் மறுமுறை கருப்பொருள்படியும் அடுக்கிப் பார்ப்பது நலம். அப்பொழுது சில பாட்டுக்கள் இடங்கொடாமல் முரண்டு பிடிக்கும். இறையனார் பாடிய இரண்டாம் பாட்டில் தலைவன் தும்பியை விளித்துப் பேசுகிறான். ஆனால் அவன் உள்ளம் வேண்டுவது அருகிலிருக்கும் தலைவி அதைக் கேட்க வேண்டுமென்பதே. கேட்பவர் என்ற இடத்தில் யாரை எழுதுவது? இந்தச் சந்தேகத்தில் எழுதுகோல் தயங்கி நிற்கும் நேரத்தில்தான் அப்பாட்டின் சாதுரியம் முழுவதும் விளங்குகிறது.

இரவல் குறிப்பில் விடை கிடைக்கும். இப்படித் தயங்கி நின்ற அனுபவம் மட்டும் அதை அடுக்கியவரிடமே தங்கிவிடும். ஆகையால், பரீட்சைக்கு இன்னும் நாளிருக்கும்போதே கையேட்டை மூடி வைத்துவிட்டு, மூலத்தையும் வெற்றுத் தாளையும் எடுத்துக்கொள்வதே உசிதம்.