சக்கரத்தின் மேல் ஒரு குடும்பம்



ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு போகும் குடும்பங்களை இன்று சாதாரணமாகக் காணலாம். அந்த வீட்டுக்குள் படுக்கை இருக்கும், அடுப்பு இருக்கும், தண்ணீர்த் தாங்கி இருக்கும். சிலர் விடுமுறைக்காக அதில் போகிறார்கள். வேறு சிலர் தொழில் மாறி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குடிபெயரும்போது, வழியில் தங்குமிடச் செலவு இல்லாமல் அதிலேயே சமைத்து அதிலேயே உறங்கிப் போகிறார்கள். ட்ரெயிலர் என்பது அதன் பெயர்.

பார்ப்பதற்கு உல்லாசமாகத் தெரியும் இந்தப் பயணத்துக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. அது நிலத்தையும் வீட்டையும் இழந்த ஏழைக் குடும்பங்களின் கதை. அவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓர் எல்லையில் மறிக்கப்பட்டார்கள். அந்தத் தடை எப்படி உடைந்தது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

ஏன் புறப்பட்டார்கள்?

1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஒக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ் முதலிய மாநிலங்களில் ஆண்டுக்கணக்காக மழை பொய்த்தது. புல்வெளியாகக் கிடந்த நிலத்தைக் கோதுமைக்காக அளவுக்கு மீறி உழுதிருந்தார்கள். ஆகவே மேல்மண்ணைப் பிடித்து வைக்க வேர் இருக்கவில்லை. காற்று வீசியபோது மண் மேகம்போல எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் திகதி வீசிய புழுதிப் புயலில் பட்டப்பகலே இருண்டுபோனது. அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் சொல்கிறார்கள். பெண்கள் யன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தார்கள். சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்கள். அப்படியும் மண் உள்ளே வந்தது.

ஆனால் புழுதி மட்டும் அவர்களைக் கிளப்பிவிடவில்லை. அவர்களில் பலர் பிறருடைய நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். விளைபொருள்களின் விலை விழுந்தபோது, பயிரிடும் பரப்பைக் குறைத்த நிலச் சொந்தக்காரருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பலர் உழவு இயந்திரம் வாங்கினார்கள். பல குடும்பங்கள் செய்த வேலையை ஓர் இயந்திரம் செய்தது. நிலமில்லாத குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அந்தப் பத்தாண்டில் சமவெளி மாநிலங்களை விட்டுப் போனவர்கள் சுமார் 25 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானோர் அயல் மாநிலங்களுக்குப் போனார்கள். சுமார் 2 இலட்சம் பேர் மேற்குக் கரையிலிருக்கும் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள்.

எதை ஏற்றினார்கள்?

சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை போன 66ஆம் இலக்க நெடுஞ்சாலை 1926இல் உருவானது. ஒக்லஹோமா நகரிலிருந்து அந்தப் பாதையால் லொஸ் ஏஞ்சல்ஸ் போக சுமார் 1,300 மைல். இவ்வளவு தூரத்துக்கும் பெரும்பாலான குடும்பங்களிடம் இருந்தது ஒரு பழைய கார்தான். சிலர் காருக்குப் பின்னால், தாமே செய்த பெட்டியொன்றைக் கொளுவிக்கொண்டார்கள். கழித்துப்போட்ட காரின் பின் அச்சையும் இரண்டு சில்லுகளையும் எடுத்து, மேலே பலகை அடித்து, தறப்பாள் கட்டினால் ட்ரெயிலர் ஆயிற்று. 1936இல் ஏர்ஸ்ட்ரீம் என்ற கம்பனி அலுமினியத்தில் செய்த ட்ரெயிலர் ஒன்றை 1,200 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அதில் மின்விளக்கும் இருந்தது. அதே ஆண்டில் அதே நாட்டில் ஓடியவைதான் இந்தப் பலகைப் பெட்டிகளும்.

பெட்டியில் சாமான் ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் ஓட்டத்தில் பெட்டி வால்போல ஆடி, காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடும். பெட்டியின் மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் கார் கொளுவியில் இறங்க வேண்டும் என்பது இன்றும் சொல்லப்படும் விதி. இரும்பு அடுப்பு போன்ற பாரமானவை அடியில் முன்னுக்கு வரவேண்டும். மெத்தையும் துணிமூட்டையும் மேலே போகலாம்.

எதை ஏற்றுவது என்பதற்குக் கணக்கு உண்டு. எதை விட்டுவிட்டுப் போவது என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. வீட்டை விட்டுப் புறப்பட்ட எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வழியெல்லாம் வீட்டு வேலை பெண்ணின் கையிலேயே இருந்தது. தெருவோரத்தில் மூட்டிய நெருப்பில் உருளைக்கிழங்கு பொரிப்பதும், கோதுமை மாவில் ரொட்டி சுடுவதும், ஓடையைக் கண்ட இடத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துணி தோய்ப்பதும் அவளது வேலை. காரின் முன்னால் கன்வஸ் துணியில் செய்த தண்ணீர்ப் பை தொங்கும். துணியில் கசியும் ஈரம் காற்றில் காய்வதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். கடைசியில் வரும் மொஹாவி பாலைவனத்தைப் பலர் வெயிலுக்குப் பயந்து இரவிலேயே கடந்தார்கள்.

எல்லையில் நின்ற பொலிஸ்

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குக் கலிபோர்னியா எல்லையில் வேறொரு தடை இருந்தது. 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் தமது பொலிஸார் 136 பேரை மாநிலத்தின் எல்லை வாயில்கள் 16க்கு அனுப்பினார். கையில் பணமும் பிழைக்க வழியும் இல்லாதவர்கள் என்று தெரிந்தவர்களை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நகரத்துப் பொலிஸ் மாநில எல்லையில் நிற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சில வாரங்களில் அந்தக் காவல் கைவிடப்பட்டது. ஆனால் வறியவர் ஒருவரைத் தெரிந்துகொண்டே மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் அப்படியே இருந்தது.

அந்தச் சட்டத்தை உடைத்தது ஒரு குடும்பக் காரியம். கலிபோர்னியாவின் மேரிஸ்வில் என்ற ஊரில் வாழ்ந்த பிரெட் எட்வர்ட்ஸ், 1939 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்து ஸ்பர் என்ற ஊருக்குப் போனார். மனைவியின் சகோதரன் பிராங்க் டங்கனை அழைத்து வருவதே நோக்கம். டங்கனுக்கு வேலை இல்லை. 1940 ஜனவரி முதலாம் திகதி இருவரும் எட்வர்ட்ஸின் பழைய காரில் புறப்பட்டு, 5ஆம் திகதி மேரிஸ்வில் வந்து சேர்ந்தார்கள். புறப்படும்போது டங்கனிடம் சுமார் 20 டொலர் இருந்தது. வந்து சேர்ந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. அரசாங்க உதவி கிடைக்கும்வரை சுமார் பத்து நாள் அவர் எட்வர்ட்ஸ் வீட்டில் இருந்தார்.

மைத்துனனைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்ததற்காக எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. அவர் மேன்முறையீடு செய்தார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1941 நவம்பர் 24ஆம் திகதி நீதியரசர்கள் ஒன்பது பேரும் ஒருமனதாக அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். வறுமையும் ஒழுக்கக்கேடும் ஒன்றல்ல என்று தீர்ப்பு சொன்னது. ஒருவரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்பதைக் கொண்டு அவரது பிரஜாவுரிமையை அளக்கக் கூடாது என்று நீதியரசர் ஜக்சன் தனியாக எழுதினார். சகோதரிகளே, ஒரு பெண்ணின் சகோதரனுக்கு இடம் கொடுத்ததில் தொடங்கிய வழக்கு அந்த நாட்டிலுள்ள ஒவ்வோர் ஏழைக்கும் பாதையைத் திறந்துவிட்டது.

பெயர் கேட்காத படம்

எல்லையைக் கடந்தவர்களுக்கும் வாழ்வு இலேசாக இருக்கவில்லை. ‘ஓக்கி’ என்ற இழிபெயரால் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். வாய்க்கால் கரைகளில் கூடாரம் அடித்து, அறுவடை நடக்கும் இடம் இடமாகப் போனார்கள். ஆர்வின் போன்ற இடங்களில் அரசாங்கம் முகாம்கள் அமைத்தது. அங்கே மலசலகூடமும் குளிக்கச் சுடுநீரும் துணி தோய்க்கத் தொட்டிகளும் இருந்தன. முகாமில் இருந்தவர்களே தெரிவு செய்த குழு நிர்வாகத்தைக் கவனித்தது. பெண்களுக்கெனத் தனிக் குழு இருந்தது.

அந்தக் காலத்தின் முகமாக உலகம் இன்றும் பார்ப்பது ஒரு தாயின் படம். 1936இல் நிப்போமோ என்ற இடத்தில் டொரத்தியா லாங் எடுத்த படம் அது. பட்டாணிச் செடிகள் உறைபனியில் அழிந்துபோனதால் வேலையின்றி நின்றவர்களின் முகாம் அது. அந்தத் தாய்க்கு 32 வயது. கணவர் 1931இல் இறந்துவிட்டார். ஏழு பிள்ளைகள். குடும்பத்தின் கார் வழியில் பழுதாகியதால்தான் அங்கே தங்க நேர்ந்தது. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவு அனுப்பப்பட்டது. அது வரும்முன் அந்தக் குடும்பம் அடுத்த வேலையைத் தேடிப் போய்விட்டது.

படம் எடுத்தவர் அவரது பெயரைக் கேட்டு எழுதவில்லை. சாப்பாட்டுக்காகக் காரின் ரயர்களை விற்றார்கள் என்று எழுதினார். அது நடக்கவில்லை என்று குடும்பத்தினர் பின்னர் சொன்னார்கள். 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று உலகுக்குத் தெரிந்தது. செரோக்கி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். பகலில் வயலிலும் இரவில் உணவகத்திலும் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் படத்தால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

1970களில் பிள்ளைகள் அவருக்கு மொடெஸ்டோ நகரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. இழுத்துச் செல்லக்கூடிய ட்ரெயிலர் வீட்டுக்கே திரும்பிவிட்டார். 1983 செப்டம்பரில் காலமானார்.

தாய்க்கு நல்லதையே பிள்ளைகள் நினைத்தார்கள். ஆனாலும் எங்கே இருப்பது என்பதைத் தாயே தீர்மானித்தார். வறுமையில் அலைந்த காலத்தில் அவரது பாதையைப் பசியும் பயிரும் தீர்மானித்தன. முதுமையில் அதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எட்வர்ட்ஸ் வழக்கில் நீதிமன்றம் காப்பாற்றியதும் இதே உரிமையைத்தான். ஒரு குடும்பத்துக்கு உதவ வருபவர்கள் தறப்பாளும் மாவும் கொண்டு வரட்டும், அது தேவை. அதற்கு முன் அந்தத் தாயின் பெயரைக் கேட்கட்டும். எங்கே போக விரும்புகிறாய் என்றும் கேட்கட்டும்.