மரியா போய் இத்தனை வருஷம் ஆச்சு... போர்ட்டோ ரிக்கோவில் இன்னும் ஏன் கரண்ட் போகிறது?

2024 டிசம்பர் 31. உலகமே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில் மட்டும் விடிவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. தீவில் உள்ள மின் இணைப்புகளில் ஏறக்குறைய 90% ஒரே நேரத்தில் அவுட். முதற்கட்டமாகச் சொல்லப்பட்ட காரணம், ஒரு நிலத்தடி கேபிளில் பழுது. நாலு மாதம்கூட ஆகவில்லை, 2025 ஏப்ரல் 16 அன்று, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், மறுபடியும் தீவு முழுக்க இருட்டு.

இரண்டு நாளும் புயல் இல்லை. மழைகூட காரணம் இல்லை. ஆனாலும் அங்கே யாரைக் கேட்டாலும் கதையை 2017-லிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

அந்த வருஷம் செப்டம்பர் 20 காலை, மரியா என்ற ஹரிகேன் தீவின் தென்கிழக்கில் உள்ள யபுகோவா ஊர் அருகே கரையைக் கடந்தது. (நம்ம பக்கம் சைக்ளோன் என்று சொல்வதைத்தான் அட்லாண்டிக் பக்கம் ஹரிகேன் என்கிறார்கள்.) காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மொத்த மின் கட்டமைப்பும் விழுந்தது. செல்போன் டவர்களில் பெரும்பாலானவை செயலிழந்தன. அதற்கு இரண்டே வாரம் முன்புதான் இர்மா என்ற இன்னொரு புயல் உரசிவிட்டுப் போயிருந்தது. கடைசி வீட்டுக்குக் கரண்ட் வர ஏறக்குறைய 11 மாதம் ஆனது. அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு நீண்ட மின்தடை வேறு இல்லை.

ஆமாம், அமெரிக்க வரலாற்றில்தான். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிரதிநிதி, அவருக்கும் மசோதாக்கள் மீது இறுதி வாக்களிக்கும் உரிமை இல்லை. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களின் கோபத்தால் வாஷிங்டனில் யாருடைய பதவியும் போகாது. மரியாவுக்குப் பின் நடந்த எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

காலி கிடங்கும் பேப்பர் டவலும்

அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா, தீவில் நிவாரணப் பொருள் கிடங்கு ஒன்றை வைத்திருந்தது. இர்மா வந்தபோது அதிலிருந்த சரக்கில் பெரும்பகுதி பக்கத்து விர்ஜின் தீவுகளுக்குப் போய்விட்டது. அதை நிரப்புவதற்குள் மரியா வந்துவிட்டது. அதே சமயம் டெக்சாஸில் ஹார்வி, ஃப்ளோரிடாவில் இர்மா என ஆட்களும் ஏற்கெனவே பிரிந்து கிடந்தார்கள். இதை ஃபெமாவே 2018-ல் தன் ஆய்வு அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

சரி, இயற்கை மேல் இயற்கை அடித்தது, கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை எதற்கும் இயற்கை மேல் பழி போட முடியாது.

மூன்று கோடி உணவுப் பொட்டலங்கள் தர ஃபெமா 15.6 கோடி டாலருக்கு ஒரு சிறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பெரிய அளவில் பேரிடர் உணவு சப்ளை செய்த அனுபவம் அதற்கு இல்லை. வர வேண்டிய நேரத்தில் வந்தது 50,000 பொட்டலம். ஒப்பந்தம் ரத்தானது.

இந்தப் பக்கம் தீவு அரசின் மின்வாரியமும் சளைத்ததில்லை. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், சுமார் 900 கோடி டாலர் கடனோடு அது திவால் மனு கொடுத்திருந்தது. பேரிடர் வந்தால் மற்ற மாநில மின்வாரியங்களிடம் ஆள் உதவி கேட்பது அமெரிக்காவில் வழக்கமான நடைமுறை. அதை உடனே செய்யவில்லை. மாறாக, மான்டானா மாநிலத்தின் ஒயிட்ஃபிஷ் என்ற சின்ன ஊர் கம்பெனிக்கு 30 கோடி டாலர் வேலையைக் கொடுத்தது. புயல் வந்த நாளில் அந்தக் கம்பெனியின் முழுநேர ஊழியர்கள் இரண்டு பேர். நாடு முழுக்கக் கேள்வி கிளம்பி, அக்டோபர் கடைசியில் இந்த ஒப்பந்தமும் ரத்து.

அக்டோபர் 3-ல் அதிபர் டிரம்ப் நேரில் வந்தார். நிவாரணம் வாங்க வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து பேப்பர் டவல் ரோல்களைத் தூக்கிப் போட்ட வீடியோ நினைவிருக்கும். அதைவிட முக்கியமானது அன்று அவர் சொன்ன கணக்கு. கத்ரீனா புயலோடு ஒப்பிட்டு, இங்கே இறந்தவர்கள் 16 பேர்தான் என்று பெருமைப்படலாம் என்றார்.

செத்தவர்களுக்குக் கணக்கு எங்கே?

அந்த 16 அன்று மாலையே 34 ஆனது. பிறகு மெல்ல ஏறி 64-ல் நின்றது. மாதக்கணக்கில் அரசு சொன்ன எண் அதுதான். ஊர்க்காரர்கள் யாரும் நம்பவில்லை. ஏனென்றால் தெருவுக்குத் தெரு அவர்களுக்குத் தெரிந்த சாவுகள் இருந்தன.

கோளாறு எண்ணும் முறையில் இருந்தது. கூரை விழுந்தோ வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயோ இறந்தால் அது புயல் சாவு. ஆக்சிஜன் இயந்திரத்துக்குக் கரண்ட் இல்லாமல் மூன்று வாரம் கழித்து ஒரு முதியவர் இறந்தால்? டயாலிசிஸ் கிடைக்காமல் இறந்தால்? இன்சுலினை வைக்க ஃபிரிட்ஜ் ஓடாமல் சர்க்கரை நோயாளி இறந்தால்? இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’, ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று எழுதிவிடுவார்கள். பேரிடர் சாவுகளை எப்படிப் பதிவு செய்வது என்று மருத்துவர்களுக்குச் சரியான பயிற்சி இல்லாததை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு பின்னர் சுட்டிக்காட்டியது.

2018 மே மாதம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டு ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: 4,645. சின்ன சர்வேயை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அதில் கூட்டல் கழித்தலுக்கு நிறைய இடம் உண்டு. ஆனால் மக்கள் காத்திருந்தது எண்ணின் துல்லியத்துக்காக இல்லை. ஜூன் முதல் வாரம், தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து செருப்பையும் ஷூவையும் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பாவின் ஷூ. பாட்டியின் செருப்பு. குழந்தையின் சின்ன ஷூ. பல ஜோடிகளில் பெயர் எழுதிய சீட்டு. நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. 64 என்ற எண்ணுக்கு இதைவிட நேரடியான பதில் இருந்திருக்க முடியாது.

ஆகஸ்ட் 28 அன்று அரசு எண்ணை மாற்றியது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணக்குப்படி 2,975. அடுத்த மாதமே டிரம்ப், 3,000 பேர் சாகவே இல்லை என்று ட்வீட் போட்டார்.

பட்டா இருக்கா?

வீடு இழந்தவர்களின் கதை வேறு மாதிரி. அதில் கேமராவுக்கு எதுவும் இல்லை, எல்லாம் பேப்பரில் நடந்தது.

போர்ட்டோ ரிக்கோவில் தாத்தா வாங்கிய நிலத்தில் மகன் ஒரு வீடு, பேத்தி ஒரு வீடு எனக் கட்டிக்கொண்டு பத்திரம் மாற்றாமல் வாழ்வது சர்வ சாதாரணம். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று பத்திரப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அங்குள்ள சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஃபெமாவின் படிவத்தில் ஒரு கேள்வி: இது உங்கள் வீடுதான் என்பதற்கு ஆதாரம் என்ன? நம்மூர் பாஷையில், பட்டா இருக்கா?

கூரையே பறந்துபோன வீட்டில் பேப்பரை எங்கே தேடுவது? இருந்தால்தானே தேட! இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பல்லாயிரம் குடும்பங்களின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. அயுடா லீகல் போர்ட்டோ ரிக்கோ போன்ற இலவசச் சட்ட உதவி அமைப்புகள் போராடியதில், 2018-ல் ஒரு சுய உறுதிமொழிப் படிவத்தை ஏற்க ஃபெமா சம்மதித்தது. அதையும் பெரிதாக விளம்பரப்படுத்தவில்லை. ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்கும்? சுய உறுதிமொழியை அமெரிக்கா முழுக்க ஏற்கும் விதியாக மாற்ற 2021 செப்டம்பர் ஆனது. அதற்குள் நான்கு வருஷம். ஃபெமா கொடுத்த நீலத் தார்ப்பாய்தான் அந்த வீடுகளுக்குக் கூரை.

பணம் இல்லாததால் இந்த நிலை என்று யாரும் சொல்ல முடியாது. வீடுகளைக் கட்டவும் ஊர்களை மீட்கவும் நாடாளுமன்றம் சுமார் 2,000 கோடி டாலரை ஒதுக்கியது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கான அறிவிப்பை 2019 செப்டம்பருக்குள் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்தும், வீட்டுவசதித் துறை வெளியிடவில்லை. தெரிந்தேதான் தவறவிட்டோம் என்று அதிகாரிகள் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார்கள். சொன்ன காரணம்: தீவில் ஊழல் அதிகம், பணத்தைப் பார்த்துத்தான் விட வேண்டும்.

இந்தக் காரணத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. ஊழல் இருந்தது, கைதுகளும் நடந்தன. ஆனால் திருடுகிறவர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு யாரைப் பாதித்தது? ஃபெமா முறைப்படி ஊராட்சிகள் முதலில் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும், பிறகு பில் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோவுக்கு மட்டும் கூடுதலாக, ஒவ்வொரு தொகையையும் அதிகாரிகள் கையால் சரிபார்த்த பிறகே விடுவிக்கும் நடைமுறை இருந்தது. ஊரே கடனில் இருக்கும்போது மேயர் எந்தக் கைக்காசைப் போடுவார்?

வியெக்கெஸ் தீவைப் பாருங்கள். பிரதான தீவுக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் உள்ள குட்டித் தீவு. அங்கிருந்த ஒரே மருத்துவமனையை மரியா பாழாக்கியது. டயாலிசிஸ் நோயாளிகள் வாரத்துக்கு மூன்று தடவை சின்ன விமானத்தில் பிரதான தீவுக்குப் போய் வந்தார்கள். புது மருத்துவமனைக்குச் சுமார் 4 கோடி டாலரை ஃபெமா அனுமதித்தது 2020 ஜனவரியில். அதே மாதம்தான், சரியான அவசர சிகிச்சை கிடைக்காமல் அந்தத் தீவில் ஒரு 13 வயதுச் சிறுமி இறந்திருந்தாள்.

தண்ணீர் இருந்தது, கொடுக்கத்தான் ஆள் இல்லை

சில காட்சிகளை ஊர் மறக்கவே இல்லை. 2018 செப்டம்பரில், சேய்பாவில் ஒரு விமான ஓடுதளத்தில் லட்சக்கணக்கான குடிநீர் பாட்டில்கள் வெயிலில் கிடக்கும் படம் வெளியானது. மரியாவுக்காக வந்த தண்ணீர். 2020 ஜனவரியில் தெற்குப் பகுதியை நிலநடுக்கம் உலுக்கி, மக்கள் தெருவில் படுத்திருந்தபோது, போன்சே நகரில் ஒரு கிடங்கு பேஸ்புக் நேரலையில் தெரிந்தது. உள்ளே தண்ணீர், கட்டில், குழந்தைகளுக்கான பொருட்கள். மக்கள் கதவை உடைத்து எடுத்துக்கொண்டார்கள். பேரிடர் துறைத் தலைவரின் பதவி போனது.

நடுவில், 2019 ஜூலையில், ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோவும் நண்பர்களும் நடத்திய டெலிகிராம் குரூப் சாட் 889 பக்கம் கசிந்தது. பெண்கள் பற்றி, எதிர்க்கட்சிக்காரர்கள் பற்றிக் கேவலமான பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலே, பிணவறையில் குவிந்த உடல்களை வைத்து ஒரு ஜோக். செருப்பு வைத்துவிட்டுப் போன அதே ஜனம் இந்த முறை வீட்டுக்குப் போகவில்லை. பேட் பன்னி, ரிக்கி மார்ட்டின் உட்பட லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். இரண்டே வாரத்தில் ஆளுநர் ராஜினாமா அறிவித்தார்.

ஆளுநர் போனார். கரண்ட் கம்பம்?

மின் கட்டமைப்பைப் புதிதாகக் கட்ட 2020-ல் சுமார் 950 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. 2021 ஜூனில் மின் விநியோகம் லூமா என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. 2023-ல் மின் உற்பத்தி ஜெனரா என்ற இன்னொரு தனியார் கைக்கு. இப்போது கரண்ட் போனால் யாரைக் கேட்பது என்பதே தனி விவாதம். 2022 செப்டம்பரில் ஃபியோனா வந்தபோது, மரியாவைவிட ரொம்பவே பலவீனமான அந்தப் புயலுக்கே தீவு முழுக்க இருண்டது. உத்துவாடோவில் மரியாவுக்குப் பிறகு போட்ட தற்காலிக இரும்புப் பாலம் ஆற்றோடு போகும் வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. ஐந்து வருஷம் கழித்தும் அங்கே இருந்தது தற்காலிகப் பாலம்தான். லூமாவை அனுப்புவேன் என்று பிரசாரம் செய்து ஜெயித்த ஜெனிஃபர் கொன்சாலெஸ், 2025 தொடக்கத்தில் ஆளுநரானார். பதவியேற்பதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்தப் புத்தாண்டு இருட்டு.

மக்கள் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. மலைப்பகுதியான அட்ஜுன்டாஸில், ஒரு காலத்தில் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து உருவான காசா புவேப்லோ என்ற ஊர்மக்கள் அமைப்பு, மரியா சமயத்திலேயே தன் கட்டடத்தில் சோலார் வைத்திருந்தது. சுற்றியுள்ளவர்கள் அங்கே வந்துதான் மருத்துவக் கருவிகளுக்குச் சார்ஜ் போட்டார்கள். 2023-ல் ஊர் மையத்துக் கடைகளை இணைத்து ஒரு சோலார் மைக்ரோகிரிட்டையே திறந்தார்கள். தீவு முழுக்க மொட்டைமாடி சோலார் உள்ள வீடுகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலும் சொந்தக் காசு, அல்லது மாதத் தவணை.

இந்த வீடுகள் உபரி மின்சாரத்தைக் கட்டமைப்புக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் வசதியை 2031 வரை நீட்டித்து, தீவின் சட்டமன்றம் 2024-ல் ஒரு சட்டம் போட்டது. அதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலையில் வழக்குப் போட்டது வேறு யாருமில்லை. தீவின் கடனைக் கண்காணிக்க வாஷிங்டன் நியமித்த, தீவு மக்கள் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத நிதி மேற்பார்வை வாரியம்.