மெஷின் வரட்டும், அதுக்கு முதல் கையை நீட்டுங்கோ

போன கிழமை கம்பஸ் கன்ரீனில ஒரு வாக்குவாதம். இதயம் நின்றுபோனவர்களின் மூளையை 'வேகஸ்' நரம்பைத் தூண்டிக் காப்பாற்றலாம் என்று நண்பன் போனைக் காட்டினான். "இனிப் பயமில்லை மச்சான், மெஷின் வரப்போகுது" எண்டான். எனக்குக் கோபம் வந்தது.

அறிவியலில கோபமில்லை. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் நரம்பு வேகஸ். அதை மின்னால் தூண்டுவதற்கு, வலிப்பு நோய்ச் சிகிச்சையாக, அமெரிக்காவில் 1997 இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நின்ற இதயம் மறுபடி துடிக்கும்போது, திரும்பிப் பாயும் இரத்தமே மூளையில் அழற்சியைக் கிளப்பி இன்னொரு காயத்தை உண்டாக்கும். வேகஸைத் தூண்டினால் அது தணியலாம். எலிகளில் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கு. மனிதரில் இன்னும் நிரூபணமாகேல்லை.

மனிதரில் வென்றதே பிறகு ஆட்டம் கண்டிருக்கு. உடலைக் குளிர்வித்தால் மூளை தப்பும் என்று 2002 இல் இரண்டு ஆய்வுகள் சொல்லின. 2021 இல் 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளில் நடந்த ஆய்வில், 33 பாகைக்குக் குளிர்வித்தவர்களுக்கும் காய்ச்சலை மட்டும் தடுத்தவர்களுக்கும் பிழைப்பதில் வித்தியாசம் இருக்கேல்லை.

சரி, வேகஸ் மெஷின் வென்றே விட்டது எண்டு வைப்பம். இதயம் நின்று சில நிமிடங்களிலேயே மூளை சாகத் தொடங்கிவிடும். அந்த நேரம் மெஷின் உங்கட முற்றத்தில நிக்காது. நிக்கிறது நீங்கள்தான். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றராவது கீழிறங்க அழுத்த வேணும். இவ்வளவுதான் வித்தை.

டென்மார்க்கில் 2005 இல் இதைப் பாடசாலையில் கட்டாயமாக்கினார்கள். 2001 இல் பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சை அழுத்தியது 21 வீதம். 2010 இல் 45 வீதம். முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.5 வீதத்திலிருந்து 10.8 வீதமானார்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் சனத்தின்ர கையைக் குறைச்சு மதிக்க ஏலாது.

நாங்கள்? 1990க்கு அடிக்கத் தெரியும். அம்புலன்ஸ் வரும்வரைக்கும் முகத்தில தண்ணி தெளிச்சுக்கொண்டு, சுத்தி நிண்டு பாப்பம். "நான் ஆர்ட்ஸ், எனக்கேன் இது?" எண்டு கேக்கிறவையும் இருக்கினம். விழுகிறவர் உங்கட பீடத்தை விசாரிச்சுப்போட்டு விழமாட்டார்.

புதுமுக மாணவரை வரவேற்க எத்தனை நாள் செலவழிக்கிறம். அதில ஒரு பின்னேரத்தை இதுக்கு ஒதுக்கச் சொல்லி மாணவர் ஒன்றியங்களைக் கேப்பம்.

வேகஸ் மெஷினும் வரட்டும். அது காப்பாற்றுவதற்கு ஒரு மூளை மிஞ்சியிருக்க வேணுமே.